ஆனைமலைத் தோட்டங்களில் ஊதிய உடன்பாடு

தமிழகத்தின் பொருளியல் வரலாற்றை ஆராயப் புகுந்தோர் நிலவரிக்கும் நீர்ப்பாசனத்திற்கும் கடல்வாணிகத்திற்கும் அளித்த இடத்தில் பத்தில் ஒரு பங்கேனும் கூலிக்கு அளித்தாரல்லர். கூலியைப் பற்றிப் பேச நேர்ந்தபோதும் அதன் அளவைப் பற்றியே பேசினர். அவ்வளவினை வகுத்தவர் யாவர், யாருடன் உடன்பட்டு வகுத்தனர், எத்துணைக் காலத்திற்கு உடன்பட்டனர் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்பெறவில்லை. கோவை மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் ஆனைமலைத் தொடரின்மேல் அமைந்துள்ள வால்பாறைத் தோட்டப் பகுதி இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு ஏற்ற களமாகும். கொங்குச் சமவெளியில் உழவரும் குத்தகையாளரும் நெசவாளரும் கூலியாட்களும் ஒருங்கே வாழக் காண்கிறோம். ஆலைக்கூலி குறைந்தால் காட்டுவேலைக்குத் திரும்புதலும், மழை பொய்த்தால் ஆலைக்குச் செல்லுதலும் அங்கு இயல்பு. மேலே, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சென்றால், நிலம் பெரும்பாலும் காட்டிலாகாவினுடையது அல்லது தோட்டக் கும்பினிகளுடையது. வீடும் கும்பினியுடையதே. மக்களுட் பெரும்பாலோர்க்கு நாட்கூலியன்றிப் பிறிதொரு வாழ்வு இல்லை. ஆதலின் ஊதிய உடன்பாடு என்னும் ஒரு தாளின் வரலாறு அங்கே ஊரின் வரலாறாகவே ஆகிவிடுகிறது.

ஊதியத்தை எழுத்தில் பொறித்து வைக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுக்கள் இதற்குத் தலையாய சான்று. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்கும், இசைவாணர், கணக்கர், தச்சர் முதலிய பணிமக்களுக்கும் பங்கு வகுத்து, பங்கொன்றுக்கு ஆண்டிற்கு நூறு கலம் நெல் என அவை விதிக்கின்றன. பணியாளர் இறந்தாலோ வேற்றிடம் சென்றாலோ அவர்க்கு அணுக்கரான உறவினர் அப்பங்கைப் பெற்று அப்பணியைச் செய்ய வேண்டும் என்னும் விதியும் அங்கு உண்டு. ஆயினும் அஃது உடன்பாடு அன்று, நிவந்தம். கொடுப்போன் ஒருவனே பேசுகிறான். அவன் விதித்தது சந்திரசூரியர் உள்ளளவும் நிற்பது. பங்கின் அளவை மீண்டும் ஆராய்தற்குரிய நாள் ஒன்று அக்கல்லில் குறிக்கப்பெறவில்லை. குறிக்கப்பெறும் தேவையும் இல்லை. நெல்லாகவே தரப்பெறும் ஊதியம் நெல்லின் விலை ஏறினும் தேய்வதில்லையன்றோ? காசாகத் தரப்பெறும் ஊதியம் விலைவாசி ஏற ஏறத் தானே சுருங்கும். காலவரையறையும் புதுப்பித்தலும் காசுக்கூலியோடு உடன்பிறந்தவை என்பதை மனங்கொண்டு மேலே செல்வோம்.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு இவ்விடத்தில் வேண்டப்படுகிறது. கூலி என்பது திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் முயற்சியின் பயனைக் குறித்து வரும் பழஞ்சொல். தமிழில் அது செய்த வேலைக்குரிய பேற்றின் பெயர். வேலை செய்வானின் பெயரன்று. அவனைச் சுட்டக் கூலியாள் என்றோ கூலிக்காரன் என்றோ கூறுவதே மரபு. ஐரோப்பியர் வாயில் புகுந்த ‘கூலி’யோ ஆளையே குறித்தது. அச்சொல் தமிழிலிருந்து சென்றதா, குசராத்துக் கோலி இனத்தாரின் பெயரிலிருந்து சென்றதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எங்ஙனமாயினும், தோட்டத் துரைமார் அச்சொல்லை மீண்டும் தமிழகத்திற்குக் கொண்டுவந்தபோது ஊதியத்தின் பெயர் மனிதன்மேல் ஏறிவிட்டிருந்தது. இதற்கு நேர்மாறான மாற்றமும் தோட்டத்துள் நிகழ்ந்தது. ஈழத்து மலைநாட்டுத் தோட்டங்களில் ‘பேர்’ என்னும் சொல் ஒரு நாட்கூலியைக் குறிக்கும். குறித்த அளவு கொழுந்து பறியாதார்க்கு ‘அரைப்பேர்’ விழும். ஆங்கே ஆளின் பெயர் கூலியாயிற்று. இவ்விரு மாற்றங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் மாணாக்கர்க்குத் தோட்ட வாழ்க்கையின் இயல்பு பற்றி நீண்ட விளக்கம் வேண்டுவதில்லை.

‘ஒப்பந்தம்’ என்னும் சொல்லோ இன்னும் வியப்பிற்குரியது. வால்பாறையில் தொழிற்சங்கங்களும் நிருவாகங்களும் கையெழுத்திடும் ஊதிய உடன்பாடு மக்கள் வழக்கில் சம்பள ஒப்பந்தம் எனப்படும். அவ்வொப்பந்தத்தின் காப்பில் நில்லாத, இடைத்தரகர் வழியாக வந்த தொழிலாளியும் ‘ஒப்பந்தத் தொழிலாளி’ எனவே வழங்கப்படுகிறான். காப்பு உடையானையும் இல்லானையும் ஒரு சொல்லே தழுவி நிற்பது எவ்வாறு நேர்ந்தது? விடை தோட்டங்களின் தொடக்க காலத்தில் இருக்கிறது.

ஆனைமலையின் மேற்பகுதியில் காடர், மலசர் முதலிய பழங்குடியினரே தொன்றுதொட்டு வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்குப் பின்னர் ஆங்காங்குக் காப்பிப் பயிரிடும் முயற்சிகள் நிகழ்ந்தனவேனும், பெருந்தோட்டங்கள் உருப்பெற்றது 1890-களிலும் அதனை அடுத்தும் ஆகும். முன்னோடித் தோட்டக்காரருள் ஒருவரான கார்வர் மார்ஷின் சிலை மலைப்பாதையில் கவர்க்கல் அருகே இன்றும் நிற்கிறது. அப்பாதையையும் காட்டையும் வெட்டிய கைகளுக்கு உரியவர் பெரும்பாலும் கொங்குநாட்டார் அல்லர். திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை, சேலம் ஆகிய பகுதிகளின் வறண்ட ஊர்களிலிருந்தும் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்தும் அவர்கள் அழைத்துவரப்பெற்றனர். அவருட் பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சமூகத்தினர்.

அழைத்து வந்தவன் கங்காணி. சிலவிடத்து அவன் மேஸ்திரி எனவும் வழங்கப்பெற்றான். தோட்டத்தில் முன்பணம் பெற்றுக்கொண்டு ஊருக்குச் சென்று, குடும்பங்களின் கையில் அதனைக் கொடுத்து, கைந்நாட்டுப் பெற்று மலைக்கு அழைத்து வருதல் அவன் தொழில். முன்பணம் பெற்று ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கழிக்கும் முறை சிற்றூர் மக்களுக்கு அயலானதன்று. சமவெளிப் பண்ணையங்களில் ஆண்டுக் கூலிக்கு அமர்ந்தோர் அறிந்ததே அது. கங்காணி இம்முறையைத் தன் ஊரினின்றே கற்றான். துரை அதனைக் கங்காணியிடம் கற்றான் எனக் கூறுதல் பிழையாகாது. வேறுபாடு யாதெனில், பண்ணையத்தில் கடன் கொடுத்தவனும் வேலை வாங்குவோனும் ஒருவன். தோட்டத்தில் அவர் இருவர். தொழிலாளி கடன்பட்டது கங்காணிக்கு. வேலை செய்தது கும்பினிக்கு. கங்காணியோ தன் ஆட்கள் உழைத்த அளவிற்கேற்பத் தரகும் பெற்றான். ஊதியத்தைப் பற்றி ஏதேனும் உடன்பாடு இருந்தது எனின் அது கும்பினிக்கும் கங்காணிக்கும் இடையே இருந்தது. உழைப்பவன் அதில் ஒரு தரப்பினன் அல்லன். அவ்வுடன்பாட்டின் பொருளாகவே அவன் இருந்தான். ‘ஒப்பந்தத் தொழிலாளி’ என்னும் சொல்லின் முதற்பொருள் இதுவே என்பது என் துணிபு.

அக்காலத்துச் சட்டமும் இதற்கு உடந்தையாக நின்றது. 1859-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டம் முன்பணம் பெற்றபின் வேலையை விட்டு நீங்குவோனைக் குற்றவாளியாக்கியது. கடன் கொடாமை உரிமையியல் வழக்கிற்குரியது. தொழிலாளி கொடாத கடனோ சிறைக்குரியதாயிற்று. மதராஸ் மாகாணத்தில் தோட்டத் தொழிலாளர்க்கென 1903-இல் தனிச்சட்டம் ஒன்றும் எழுந்தது. முன்னையது 1925-ஆம் ஆண்டு நீக்கச் சட்டத்தால் 1926-இல் வழக்கொழிந்தது. பின்னதும் 1920-களின் இறுதியில் நீக்கப்பெற்றது. இலங்கையில் ஒரு தோட்டத்தினின்று மற்றொரு தோட்டத்திற்குக் கடன்சுமையோடு ஆட்களை மாற்றுதற்குப் பயன்பட்ட ‘துண்டு’ என்னும் சீட்டுமுறை 1921-இல் ஒழிக்கப்பெற்றதையும் இவற்றோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். ஏறத்தாழ ஒரு பத்தாண்டிற்குள் கடலின் இருபுறமும் சட்டம் கங்காணியைக் கைவிட்டது. வழக்கம் கைவிடவில்லை. கங்காணி முறை முற்றிலும் ஒழிய நாடு விடுதலை பெற்றபின் மேலும் பல ஆண்டுகள் ஆயின.

இக்காலத்து ஊதியம் எவ்வாறு கொடுக்கப்பெற்றது என்பதும் கருதத்தக்கது. தென்னிந்தியத் தோட்டங்களில் கணக்கு நாள்தோறும் எழுதப்பெறினும் வாரந்தோறும் செலவிற்கெனச் சிறுதொகை மட்டுமே தரப்பட்டது. தொழிலாளி ஊர் திரும்பும் காலத்தில்தான் முழுக்கணக்கும் தீர்க்கப்பெற்றது. முன்பணம், கம்பளி, அரிசி ஆகியவற்றின் விலை கழிந்தபின் எஞ்சியது அவன் கைக்கு வந்தது. எஞ்சாதாயின் அடுத்த ஆண்டிற்கும் அவன் மலையிலேயே தங்கினான். ஆங்கில அரசு 1929-இல் அமைத்து 1931-இல் அறிக்கை அளித்த விட்லி ஆணையம் இக்கணக்குமுறையைக் கவனத்திற் கொண்டது. நாட்கூலி எத்தனை அணா என்பதைக் கொண்டு மட்டும் அக்கால வாழ்க்கையை அளவிட முயலும் ஆய்வாளர் தவறுவது இவ்விடத்திலேயாம். ஆண்டிற்கொருமுறை, கடன் கழித்து, கொடுப்போனின் ஏட்டைக் கொண்டே கணக்கிடப்பெறும் கூலிக்கு நாள்விலை என்பது ஒரு பெயரளவே.

அணாக் கணக்கையும் கழிவுகளையும் கொள்ளைநோயையும் கண்முன் நிறுத்தும் நூல் ஒன்று வால்பாறைக்கு வாய்த்துள்ளது. ஆனைமலைத் தோட்டப் பகுதியில் மருத்துவராகப் பணியாற்றித் தொழிற்சங்கப் பணியிலும் ஈடுபட்ட பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளிவந்த ‘ரெட் டீ’ என்னும் புதினத்தைக் குறிப்பிடுகிறேன். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழிலும் அது வழங்குகிறது. 2013-இல் வெளிவந்த ‘பரதேசி’ என்னும் திரைப்படத்திற்கும் அதுவே மூலம். அந்நூலைப் பற்றி வரலாற்று மாணாக்கர்க்கு ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். அது புதினம்; அதன் மாந்தர் புனைவு. கருப்பனும் வள்ளியும் பெற்ற கூலியை எடுத்து ஆவணத்தில் உள்ள எண்போல அட்டவணையில் சேர்த்தல் முறையாகாது. ஆயின் கதை நிகழும் 1920-களில் கணக்குத் தீர்க்கும் நாளில் ஒருவன் நெஞ்சில் எழும் அச்சம் எத்தகையது என்பதற்கு அதனினும் சிறந்த சான்றை அரசாங்க அறிக்கைகளில் தேடிப் பயனில்லை. ஆசிரியர் பின்னாளில் அம்மக்களின் உடலைத் தொட்டு மருத்துவம் செய்தவர் என்பதும் அச்சான்றிற்கு வலிவூட்டுகிறது.

1893-இல் தோன்றிய தென்னிந்தியத் தோட்ட முதலாளிகளின் ஐக்கிய சங்கத்தின் பங்கை ஈண்டு விடுதல் கூடாது. அண்டைத் தோட்டத்தார் தம்முள் போட்டியிட்டு ஆட்களை ஈர்த்தால் கூலி உயரும், முன்பணமும் வீணாகும். ஆதலின் மாவட்டத்திற்கு மாவட்டம் கூலியளவை ஒருபடித்தாக்குதலும் ஆள்பிடிப்பை ஒழுங்குபடுத்துதலும் அவர் நோக்கங்களுள் சிறந்தன. எனவே ஆனைமலை வரலாற்றில் ஊதியம் பற்றிய முதல் கூட்டு உடன்பாடு கொடுப்போர் தமக்குள் செய்துகொண்டதே ஆகும். பெறுவோர் கூட்டம் பின்னரே எழுந்தது. தொழிற்சங்கம் தோன்றியபின்னரே கூட்டுப்பேரம் தோன்றியது என எழுதும் நூல்கள் ஒரு பாதியை மறந்துவிடுகின்றன.

இரண்டாம் உலகப் போர் நிலைமையை மாற்றியது. 1942-இல் பர்மா சப்பானியர் வசமானதும் அந்நாட்டு அரிசி வரவு நின்றது. அரிசியின் விலை கூலியைக் கடந்து ஓடியது. தோட்ட நிருவாகங்கள் சலுகை விலையில் அரிசி கொடுத்து ஆட்களைக் காத்துக்கொண்டன. கல்வெட்டுக் காலத்து நெற்கூலி வேறொரு வடிவில் மீண்டதைப் போன்றது இது. போருக்குப் பின் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது இவ்வரிசிச் சலுகைக்கு ஈடாகக் காசு கேட்கும் நிலை வந்தது. பஞ்சப்படி, அகவிலைப்படி என்னும் சொற்கள் உடன்பாடுகளில் நிலைபெற்றன. போர்க்காலத்தின் இறுதியில் இந்திய அரசு அமைத்த ரேகே குழுவினர் தோட்டத் தொழிலாளர் நிலை பற்றி 1946-இல் அளித்த அறிக்கை நாட்டின் கண்களை இப்பக்கம் திருப்பியது. தொழிற்சங்கங்கள் ஆனைமலையில் வேரூன்றியதும் இந்த 1940-களிலேயே.

அடுத்த ஐந்தாண்டுகளில் மூன்று சட்டங்கள் பிறந்தன. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் சங்கமும் நிருவாகமும் அரசின் சமரச அலுவலர் முன் உடன்படுதற்கு வழி வகுத்தது. 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் அட்டவணையில் தேயிலை, காப்பி, இரப்பர், சின்கோனாத் தோட்டங்கள் இடம்பெற்றன. வால்பாறையில் சின்கோனா என்றே பெயர் தாங்கி நிற்கும் ஊரை அறிந்தோர்க்கு இவ்வட்டவணையின் நான்காம் சொல் வெறுஞ்சொல்லாகத் தோன்றாது. கொயினா மருந்திற்காக அரசு வளர்த்த அத்தோட்டப் பகுதி பின்னர்த் தேயிலையாகித் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் கீழ் வந்தது. 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இலங்கையினின்று திரும்பிய தமிழர்க்கு வாழ்வளிக்க எழுந்த நிறுவனம் அது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமோ வீடு, மருத்துவமனை, குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை நிருவாகத்தின் கடமையாக்கியது. இக்கடமையே பின்னர் ஊதியப் பேச்சில் ஒரு வாதமாகத் திரும்பியதைக் காண்கிறோம். வீடும் மருத்துவமும் தருகிறோம். அவற்றின் மதிப்பையும் கூலியோடு கூட்டுக என்பது நிருவாகங்களின் கூற்று. வேலை போனால் வீடும் போகும் என்பதை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் கேள்விக்கு அக்கூட்டலில் இடமில்லை.

1957-இல் கூடிய பதினைந்தாம் இந்தியத் தொழிலாளர் மாநாடு தேவைக்கேற்ற ஊதியத்திற்கு அளவுகோல் வகுத்தது. உழைப்பவன் ஒருவனுக்கு மூன்று நுகர்வு அலகுகள். ஆளொருவர்க்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு. நால்வர் குடும்பத்திற்கு ஆண்டிற்கு 72 கெசம் துணி. மனைவியும் மக்களும் ஈட்டுவதைக் கணக்கிற் கொள்ளலாகாது என்பதும் அவ்வளவுகோலின் பகுதி. இவ்விடத்தில்தான் தேயிலைத் துறை தனித்து நின்றது. தோட்டத்தில் கணவனும் மனைவியும் ஒருங்கே வேலை செய்கின்றனர். ஆதலின் தலைக்கு ஒன்றரை அலகு போதும் என்று முதலாளிகள் தரப்பு வாதிட்டது. ஏனைய தொழில்களில் குடும்பம் உயர்வதற்கு வழியாகும் பெண்ணின் ஈட்டம் இங்கே ஆணின் கூலியைக் குறைப்பதற்குக் காரணமாயிற்று. அதேவேளை பெண்ணின் கூலி ஆணின் கூலியினும் குறைவாகவே வைக்கப்பெற்றிருந்தது. கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்டிர். தோட்டத்தின் வருவாய் அவர் விரல்களின் வழியாக வருவது. அத்தொழிலில் இவ்விரு வாதங்களும் ஒருங்கே நிலைத்தமை எத்துணை முரண்! 1960 டிசம்பரில் அமைக்கப்பெற்ற மத்திய ஊதியக் குழு 1966-இல் அறிக்கை தந்தது. ஆண் பெண் கூலி வேறுபாட்டைச் சட்டம் நீக்கியதோ அதற்கும் பத்தாண்டு கழிந்து, 1975-ஆம் ஆண்டு அவசரச் சட்டத்தாலும் 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தாலும் ஆகும்.

இனி உடன்பாட்டின் உறுப்புக்களை நோக்குவோம். தோட்டத்து ஊதிய உடன்பாடு ஒன்றைக் கையிலெடுத்தால் அதில் அடிப்படைக் கூலி, அகவிலைப்படி, ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு, அதற்கு மேற்பட்ட கிலோவிற்குரிய தொகை, காலவரையறை ஆகியவை காணப்படும். நாளேடுகள் முதலாவதை மட்டுமே வெளியிடுகின்றன. தொழிலாளரோ மூன்றாவதையும் நான்காவதையும் முதலிற் கேட்கின்றனர். கூலி உயரும்போதெல்லாம் கொழுந்தின் அளவையும் உயர்த்த நிருவாகம் முயல்வதும், சங்கம் அதனைத் தடுக்க முயல்வதும் ஒவ்வொரு பேச்சிலும் நிகழ்வன. கையால் பறித்த காலத்தில் வகுத்த அளவு கத்தரியும் பொறியும் வந்தபின் பொருந்துமா என்பது இன்றைய வழக்கு.

ஐந்தாவதான காலவரையறையே இக்கட்டுரையின் நடுப்பொருள். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதினெட்டாம் பிரிவு, சமரச அலுவலர் முன் செய்த உடன்பாடு கையெழுத்திட்ட சங்கத்தாரை மட்டுமன்றி அத்தொழிலகத்தின் எல்லாத் தொழிலாளரையும், பின்னர் வேலைக்குச் சேர்வோரையும் கட்டும் என்றது. தனித்துச் செய்த உடன்பாடோ செய்தாரை மட்டுமே கட்டும். பத்தொன்பதாம் பிரிவின்படி உடன்பாடு தான் கூறிய காலம்வரை நிற்கும். காலம் கூறாவிடின் ஆறு திங்கள் நிற்கும். அக்காலம் கழிந்தபின்னும், தரப்பினர் ஒருவர் எழுத்து வடிவில் விலகல் அறிவிப்புத் தந்து இரண்டு திங்கள் ஆகும்வரை அது தொடர்ந்து கட்டும். அவ்வறிவிப்பைத் தருவோர் கட்டுண்டோருள் பெரும்பான்மையினரின் சார்பினராக இருத்தல் வேண்டும். பழைய உரிமைகள் திடீரென அறுந்துபோகாமல் காக்க எழுந்த விதி இது. ஆயினும் அதற்கு மற்றொரு முகம் உண்டு. புதிய உடன்பாடு வரும்வரை பழைய கூலியே செல்லும் எனின், காலந்தாழ்த்துதல் யாருக்கு ஊதியம்?

எண்ணால் விளக்குவோம். நாட்கூலி 300 ரூபாயாக இருந்த உடன்பாடு முடிந்துவிட்டது எனவும், பதினெட்டுத் திங்கள் கழித்து 340 ரூபாய்க்குப் புதிய உடன்பாடு ஏற்பட்டது எனவும் கொள்வோம். திங்களுக்கு இருபத்தைந்து நாள் வேலை எனின், இடைக்காலத்திற்குரிய வேறுபாடு ஒருவர்க்கு 18,000 ரூபாய். புதிய உடன்பாடு பழையது முடிந்த நாளினின்று செல்லும் என எழுதினால் இத்தொகை நிலுவையாக வந்து சேரும். கையெழுத்திட்ட நாளினின்று செல்லும் என எழுதினால் அது காற்றில் கரையும். நாற்பது ரூபாய் உயர்விற்காகப் பல திங்கள் வாதிட்ட சங்கம் இந்த ஒரு வரியில் தோற்குமாயின் வென்றதில் பெரும்பகுதியை இழந்ததாகும். ஆகவே உடன்பாடு ஒன்றை ஆராய்வோர் அதன் தொகையைப் பார்க்குமுன் இரண்டு தேதிகளைப் பார்த்தல் வேண்டும்: முன்னது முடிந்த நாள், பின்னது தொடங்கும் நாள். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஐந்தாண்டுக்கு மிகாமல் கூலியை மறு ஆய்வு செய்க என அரசைக் கட்டியதும் இவ்விடைவெளியின் தீமையை உணர்ந்தே எனலாம்.

இவ்விடைவெளி 1990-களுக்குப் பின் கொடியதாயிற்று. 1991-இல் சோவியத்து ஒன்றியம் சிதைந்ததும் தென்னிந்தியத் தேயிலையின் பெரிய சந்தை தளர்ந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் ஏலமையங்களில் விலை சரிந்தது. கேரளத்துப் பீருமேட்டில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. நிருவாகங்கள் கூலியை உற்பத்தியோடு பிணைக்க வேண்டும் என்றன. விலை உயர்ந்த காலத்தில் இப்பிணைப்பை அவை கேளாமையைச் சங்கங்கள் சுட்டின. திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில் கூலி உயர்வு கேட்டுப் போராடிய தொழிலாளர் சிறைப்பட்டனர். அவர்களை விடுவிக்கவும் கூலியை உயர்த்தவும் வேண்டி 1999 ஜூலை 23-ஆம் நாள் நெல்லையில் சென்ற ஊர்வலத்தினர் காவலரால் தாக்கப்பட்டுத் தாமிரபரணியில் இறங்க, பதினேழு உயிர்கள் போயின. மாஞ்சோலையை நடத்திய பம்பாய் பர்மா வர்த்தகக் கழகமே வால்பாறையின் முடீஸ் பகுதித் தோட்டங்களையும் நடத்தியது. ஆதலின் அச்செய்தி ஆனைமலையில் அயலூர்ச் செய்தியாகக் கேட்கப்பட்டிராது.

மலைக்கு அப்பால் மூணாற்றில் 2015-இல் நிகழ்ந்ததோ வேறு வகை. கண்ணன் தேவன் தோட்டத்தின் தமிழ்ப் பெண்டிர் செப்டம்பரில் மிகையூதியம் இருபது விழுக்காடு வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். தொழிற்சங்கத் தலைவர்களை அவர்கள் போராட்டக் களத்தில் ஏற்கவில்லை. ‘பெண்பிள்ளை ஒருமை’ எனத் தமக்குப் பெயரிட்டுக்கொண்டனர். அதன்பின் நாட்கூலி 500 ரூபாய் வேண்டும் என்னும் கோரிக்கை கேரளமெங்கும் பரவ, அக்டோபரில் 232 ரூபாயினின்று 301 ரூபாயாகக் கூலி உயர்த்தப்பெற்றது. தொகையினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. தம் பெயரால் பல்லாண்டுகளாகக் கையெழுத்திட்டு வந்தோர் யாவர் என்று பறிப்போரே வினவினர். கங்காணி காலத்தில் உடன்பாட்டின் பொருளாக மட்டும் இருந்தோரின் பேத்தியர் கேட்ட வினா இது. சோலையாற்றைக் கடந்தால் மலக்கப்பாறை, அது கேரளம். எல்லைக்கு அப்பால் கூலி உயர்ந்த செய்தி வால்பாறைக்கு வந்துசேர நாளேடு வேண்டுவதில்லை.

ஆயின் அவ்வினாவை வால்பாறையில் எழுப்புவோர் தொகை குறைந்துகொண்டே வருகிறது. 2001-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஏறத்தாழ 95 ஆயிரமாக இருந்த வால்பாறை நகராட்சியின் மக்கள் 2011-இல் ஏறத்தாழ 71 ஆயிரமாயினர். பத்தாண்டில் நால்வருள் ஒருவர் குறைந்தனர். கோவையும் திருப்பூரும் இளைஞரை ஈர்த்தன. ஓய்வு பெற்றோர் வீட்டைக் காலி செய்து இறங்கினர். அவ்விடத்தை நிரப்ப அசாம், சார்க்கண்டு முதலிய வடமாநிலங்களினின்று குடும்பங்கள் வந்தன. முன்னே வந்த உறவினரும் ஊராரும் அழைத்து வர, வீடும் வேலையும் உண்டு என்னும் சொல்லை நம்பி அவர்கள் வருகின்றனர். ஆள் சேர்ப்போர்க்குத் தரகு தரப்படும் இடமும் உண்டாயின், கங்காணி என்னும் பெயரை மட்டும் நாம் இழந்தோம் என்று கூறவேண்டி வரும்.

2019-இலும் 2020-இலும் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புக்கள் 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன. மேலே கூறிய 1947, 1948, 1951, 1976-ஆம் ஆண்டுச் சட்டங்கள் யாவும் அவற்றுள் அடங்கிவிட்டன. பதிவேட்டில் உள்ள தொழிலாளருள் 51 விழுக்காட்டினரை உறுப்பினராகக் கொண்ட சங்கமே பேசுதற்குரிய தனிச்சங்கம் என்பது தொழில் உறவுத் தொகுப்பின் விதி. அவ்வளவு ஆதரவு எதற்கும் இல்லாவிடின் இருபது விழுக்காட்டிற்குக் குறையாத சங்கங்களின் சார்பாளரைக் கொண்ட பேச்சுக்குழு அமையும். ஒரு தோட்டத்திலேயே கட்சிக்கொரு சங்கம் நிலவும் வால்பாறையில் இவ்விழுக்காட்டைக் கணக்கிடும்போது பதிவேட்டில் யார் பெயர் உள்ளது என்பது முதல் வினாவாகும். தரகர்வழி வந்து தற்காலிகமாகப் பறிப்போர் அப்பதிவேட்டில் உளரா? உளராயின் எந்தச் சங்கத்தில் உளர்? தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பெற்ற உடன்பாட்டைச் சாதிரி மொழியிலும் அசாமியிலும் அவர்க்குப் படித்துக் காட்டுவோர் யார்? முன்னாளில் கைந்நாட்டிட்டோர் தாம் இட்ட தாளைப் படிக்க அறியாதிருந்தனர். இன்று அவ்விடத்தில் வேலை செய்வோருள் பலர் படிக்க அறிந்தவர். அத்தாள் வேறு மொழியில் உள்ளது.